ஐம்பது மைக்ரான்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை 142/90. மாலை 138/88. தண்ணீர் ஒன்றரை லிட்டர். மலம் போகவில்லை.

நரம்பு டாக்டர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். எட்டு மாதமாக இந்த நோட்டில் இவ்வளவுதான் எழுதி வந்தேன். இன்று பக்கத்தில் இடமும் மிச்சம், கோபமும் மிச்சம். இந்த நோட்டு நாளை எந்த டாக்டர் கைக்குப் போகுமோ தெரியாது, அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

நோயாளி என் கணவர் ஆவுடையப்பன், ஐம்பத்தேழு வயது, உலை நாடகக் குழுவின் இயக்குநர். டிசம்பரில் பக்கவாதம். வலது கையும் காலும் வேலை செய்யாது. பேச்சில் ஒரே ஒரு சொல் தப்பியிருக்கிறது: "நாளைக்கு." பசித்தாலும் நாளைக்கு, முதுகு வலித்தாலும் நாளைக்கு.

கல்லூரி விட்டதும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பாலித்தீன் கடைக்குப் போனேன். பழைய ஷீட் மடிப்பில் விண்டுவிட்டது.

"பந்தலுக்கா டீச்சர், மெத்தைக்கா?"

"மெத்தைக்கு."

"சின்னப் பிள்ளைக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

கடைக்காரர் ஷீட்டை அளந்தார். அளந்த இடத்திலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கத்தரியை வைத்தார். "நான் கேட்டது ரெண்டு மீட்டர்" என்றேன். பரிதாபத்தை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொண்டு வரும் வழக்கம் எனக்கில்லை.

ஷீட் விரிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் வந்து பார்க்கிற ஒவ்வொருவரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மெத்தைமேல் ஷீட், அதன் நான்கு ஓரமும் மெத்தைக்கு அடியில் ஒரு முழம் போக வேண்டும். அதன்மேல் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட வேண்டும். உடம்பு நேரே பிளாஸ்டிக்கில் படக் கூடாது. பட்டால் வேர்த்து, இரண்டே நாளில் தோல் உரியும். ஒரு சுருக்கம் இருந்தாலும் முதுகில் புண். எட்டு மாதத்தில் அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. இதை யாரும் எந்த மேடையிலும் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

140/88. மலம் போயிற்று. இரண்டு முறை ஷீட் மாற்றினோம்.

ஆகஸ்ட் 9, சனி

138/90.

இசக்கியப்பன் வந்தான். மின்வாரியத்தில் வேலை, இப்போது குழுவை அவன்தான் நடத்துகிறான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குழுவில் இருப்பவர்கள்தான் என் பிள்ளைகள் என்று இவர் மேடையில் சொல்வார். அந்தப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருடம் டீ போட்டது நான்.

சோபாவில் உட்கார்ந்ததும் மேலே விரித்திருந்த ஷீட் சரசரத்தது. பாதி எழுந்தான்.

"என்ன மைனி, சோபாவுக்குமா?"

"அவர் சாயங்காலம் அதுலதான் உட்காருறார். நீ உட்காரு."

"கரை ஏறிய ஆறு" நாடகத்துக்கு இது இருபத்தைந்தாவது வருடம். செப்டம்பர் 13 அன்று மறுபடி போடுகிறார்களாம். குழுவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த நாடகம் அது. ஆற்றில் வெள்ளம் வருகிறது. ஊரே காலி செய்கிறது. ஒரு கிழவர் மட்டும் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்கிறார். கடைசிக் காட்சியில் நாற்பதடி பிளாஸ்டிக் ஷீட் ஆறாக மேடைக்கு வந்து அவரை மூடும்.

"இந்தத் தடவ அந்தக் கிழவரு எடத்துல அண்ணாச்சிதான் மைனி. சக்கர நாற்காலியில சும்மா இருந்தாப் போதும். வெள்ளம் வந்து அவாளை மூடணும். சனம் அழுதுரும் பாத்துக்கிடுங்க."

"மாட்டார்."

"அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேப்பமே." குனிந்து சத்தமாகக் கேட்டான், இவருக்குக் காது கேட்காததுபோல. "அண்ணாச்சி! மேடைக்கு வாரியளா?"

"நாளைக்கு" என்றார் இவர்.

"பாத்தியளா மைனி, நாளைக்கே வாரேங்காவ!"

கூட வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கிளம்பும்போது சமையலறை வாசலில் வந்து நின்றான். "இன்னொண்ணு மைனி. அந்த ஷீட்டு. அண்ணாச்சி எங்க வாங்குவாவ, என்ன பண்ணுவாவன்னு ஒருத்தனுக்கும் தெரியல. சுருட்டி வரும், விரிச்சா ஆறு. சூட்சுமம் முழுக்க அவாளோடயே போயிரும்போல இருக்கு."

"அவர் இன்னும் எங்கேயும் போகலை" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

136/86.

அந்த ஷீட் யார் யோசனை என்பது இப்போது முக்கியமில்லை.

இரண்டாயிரத்தில் நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் எம்ஃபில் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தார்கள். தராசுகளின்மேல் தூசி விழாமல் இருக்க நீள மேசை முழுவதையும் பாலித்தீனால் மூடியிருந்தோம். யாரோ மேசை விசிறியைத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஷீட்டுக்கு அடியில் காற்று புகுந்து, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு அலை போயிற்று. திரும்பி இன்னொன்று. அவ்வளவுதான். மறுநாள் ஒத்திகையில், குழுவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன நான், நீலத் துணி வேண்டாம், இதைச் செய்து பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.

கூடத்துச் சுவரில் பத்திரிகைப் பேட்டி ஒன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. "ஒரு மாலை தாமிரபரணிக் கரையில் தனியே அமர்ந்திருந்தபோது அந்தப் படிமம் எனக்குள் இறங்கியது." எனக்குத் தெரிந்து இவர் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்ததே கிடையாது. கூட நாலு பேர் இல்லாமல் இவரால் டீகூடக் குடிக்க முடியாது.

நாடகம் முதல் ஆறு முறை மேடையேறியபோது கிழவரின் மகளாக நடித்தது நான். கல்யாணத்துக்குப் பிறகு, இயக்குநரின் மனைவியே நடித்தால் மற்றப் பெண்கள் குழுவுக்கு வரத் தயங்குவார்கள் என்றார். நியாயம்தான் என்று விலகிக்கொண்டேன். பிறகு எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை.

மேடையைத்தான் விட்டேன், ஷீட்டை விடவில்லை. ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் முன்பு மொட்டைமாடியில் விரித்துப் பக்குவம் செய்து சுருட்டிக் கொடுப்பேன். தண்ணீரில் என்ன கலக்கிறாய் என்று இவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

முக்கியமில்லை என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

140/90. பகலில் இவரைப் பார்த்துக்கொள்கிற ஜெபமணி வர அரை மணி தாமதம். எனக்கு முதல் வகுப்பு போயிற்று.

மதியம் இசக்கி போன் செய்தான். தார்ப்பாய்க் கடையில் நீலத்தில் கெட்டியான ஷீட் வாங்கி ஒத்திகையில் இழுத்துப் பார்த்தார்களாம். "ஆறா மைனி இது? அப்பளத்த நொறுக்குத மாதிரி சத்தம். வசனம் ஒண்ணு கேக்கல. அண்ணாச்சி என்னதான் பண்ணுவாவ?"

"உங்க அண்ணாச்சியையே கேளு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மதியம் முழுக்க மனது நன்றாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

144/92. ஆள் வந்துபோனதால் கூடியிருக்கும்.

ஐந்து வகை ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு ஐந்து பேர் வந்தார்கள். ஒவ்வொன்றாக இவர் மடியில் வைத்து, இடது கையைப் பிடித்துத் தடவவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல கை நிக்கி பாத்தியா?"

"இல்லல, முந்தினதுலதான் கண்ணு மின்னிச்சு."

"அண்ணாச்சி, இதா? இதா?"

"நாளைக்கு."

நான்காவது துண்டை இவர் எடுத்து வீசினார். அது காற்றில் மிதந்து வீசியவர் முழங்காலிலேயே வந்து விழுந்தது. "இது வேண்டாங்காவ, குறிச்சிக்க" என்றான் இசக்கி. ஒருத்தி குறித்துக்கொண்டாள்.

அவர்கள் வேண்டாம் என்று குறித்துக்கொண்டதுதான் சரியான ரகத்துக்குக் கிட்ட வருவது. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு வழியே பார்த்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் ஒங்களத்தான பாக்காவ டீச்சர்" என்றாள் ஜெபமணி. எட்டு மாதத்தில் இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"பசிக்கும். கஞ்சியை எடுத்துட்டுப் போ."

ஆகஸ்ட் 21, வியாழன்

138/88. தண்ணீர் குறைவு.

கூடத்தில் மேல்பூச்சு பெயர்ந்து கொட்டியது. அவருடைய புத்தக அலமாரியையும் நாடகப் பிரதிகள் இருக்கும் பெட்டியையும் ஷீட் போட்டுக் கட்டினேன். சாப்பாடு சிந்துவதற்காகச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒன்று. சக்கர நாற்காலி மெத்தைக்கு ஒன்று. டிவி ரிமோட்டுக்கு உறை போட்டிருக்கிறேன். இடது கையில் எச்சில் வழிகிறது.

ஜெபமணி சுற்றிலும் பார்த்தாள். "வீடே பார்சல் கட்டி வச்ச மாதிரி இருக்கே டீச்சர். எங்க அனுப்பப் போறீய?"

சிரிப்பு வரவில்லை. துடைக்கிற எனக்குத்தானே தெரியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எனக்குத் தெரியாமல் சுவரொட்டி அடித்துவிட்டார்கள்.

காய் வாங்கப் போனபோது பேருந்து நிறுத்தச் சுவரில் பார்த்தேன். "கரை ஏறிய ஆறு: 25. மீண்டும் மேடையில் ஆவுடையப்பன்!" ஐந்து வருடத்துக்கு முந்தைய படம், மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். அடியில், "வெள்ளத்தை மேடைக்குக் கொண்டுவந்த கலைஞனுக்கு வெள்ளத்தாலேயே மரியாதை."

அங்கேயே நின்று போன் செய்தேன்.

"யார்கிட்ட கேட்டுப் போட்டே?"

"அண்ணாச்சி சம்மதிச்சாவளே மைனி."

"எப்போ?"

"அன்னைக்கு நாளைக்கின்னு சொன்னாவல்லா. தலையையும் ஆட்டினாவ."

"அவருக்குத் தலை தானா ஆடும், இசக்கி. நாலு மாசமா ஆடுது. அங்க அவருக்கு மூத்திரம் போனா நீ மாத்துவியா? வாயில எச்சி வழிஞ்சா வெளிச்சத்துல எல்லாருக்கும் தெரியுமே, அதுக்கும் சனம் அழுமா?"

அவன் மெதுவாகச் சொன்னான். "ஒங்களுக்கு அவாள வெளிய காட்ட வெக்கமா இருக்கு மைனி. எங்களுக்கு இல்ல."

காய்ப் பையோடு வீட்டுக்கு நடந்தேன். வெட்கமாம். அவர் உடம்பில் நான் கழுவாத இடம் கிடையாது. அவனுக்கு வேண்டியது அழுகிற சனம். அதற்கு ஒரு உடம்பு வேண்டும்; அதைச் சுத்தம் செய்து, வேட்டி கட்டி, நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எதற்கு? நான் செய்த வெள்ளத்துக்கு அவருக்கு மரியாதை செய்வதற்கு.

ரத்த அழுத்தம் பார்க்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

140/90.

சுவரொட்டி ஒன்றைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்து இவர் முன்னால் பிடித்தேன். நெடுநேரம் பார்த்தார். தன் படத்தின்மேல் இடது உள்ளங்கையால் அடித்தார். மறுபடி அடித்தார். கண்ணில் தண்ணீர். இந்த நோயில் கண்ணீருக்கு அர்த்தம் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடிக்கு?

போகணுமா என்று கேட்டேன். "நாளைக்கு."

பசிக்குதா, வலிக்குதா, வருதா. டிசம்பரிலிருந்து இந்த மூன்றைத் தவிர நான் அவரிடம் வேறு எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்க வேறு என்ன இருந்தது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

138/86.

இசக்கியின் யூகத்தையும் நம்புவதற்கில்லை, என் யூகத்தையும் நம்புவதற்கில்லை. சோதனை வைத்தேன். டப்பா மூடி இரண்டு. பச்சை ஆமாம், சிவப்பு இல்லை. வலது பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் இரண்டையும் இடது பக்கமே, மேலும் கீழுமாக வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இடம் மாற்றினேன். முதலில் விடை தெரிந்த கேள்விகள்.

"உங்க பேரு ஆவுடையப்பனா?" பச்சை.

"நாம இருக்கது மதுரையா?" சிவப்பு.

"என் பேரு ஜெபமணியா?" என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிவப்பு.

ஒன்பது கேட்டேன், ஒன்பதும் சரி. பத்தாவதை ஜெபமணி இடையில் புகுந்து கேட்டாள். "டீச்சர் சமையல் நல்லாருக்கா சார்?" சிவப்பு. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு உண்மையான கேள்வி. காலையில், மதியம், மாலை விளக்கு போட்டதும். "அந்த நாடகத்துல மேடையில உட்காரப் போகணுமா?" மூன்று முறையும் பச்சை. மூன்றாவது முறை மூடியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

புரிகிற மனிதர். எட்டு மாதமும் எல்லாம் புரிந்துகொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்.

ஜெபமணி போனபிறகு இன்னொரு கேள்வி கேட்டேன். "அந்த ஷீட் என் யோசனைதானே?"

இரண்டு மூடியையும் கையால் வழித்துத் தரையில் தள்ளினார்.

விடை கிடைக்காததும் ஒரு முடிவுதான் என்று இருபது வருடமாக மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன். மூடிகளைக் கழுவிவைத்தேன். தண்ணீர் கேட்டுக் கையை ஆட்டினார். சற்றுத் தாமதமாகத்தான் கொடுத்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

139/88. வருகிறார் என்று இசக்கிக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு வரி.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒத்திகை. வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒன்றின் கீழ்க்கூடம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு வேனில் நாற்காலியோடு கொண்டுபோனோம். குழுவில் பன்னிரண்டு பேர் காலில் விழுந்தார்கள். ஒருத்தன் அவர் வலது கையைப் பிடித்துக் குலுக்கினான், அது தொங்கியது.

தார்ப்பாயை விட்டுவிட்டு இந்த முறை மிக மெல்லிய ஷீட் வாங்கியிருந்தார்கள். பொட்டலம் கட்டுகிற ரகம், இருபது மைக்ரான் தடிமன்கூட இருக்காது. சிமெண்டுத் தரையில் அரை மணி நேரம் இழுத்து இழுத்துப் பழகியிருந்தார்கள். பாலித்தீனை அப்படித் தேய்த்தால் மின்னூட்டம் ஏறும். கிட்டே போனவர்களின் கைமுடி எழுந்து நின்றது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. எட்டாம் வகுப்புப் பாடம். சொல்லியிருக்கலாம். நான் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பறை அடிக்கத் தொடங்கியதும் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஷீட் அலையாக எழவில்லை. நேரே அவர்மேல் விழுந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு, வாய், கண், எல்லாமே அதன் வழியே தெரிந்தது. வாய் திறந்தது, ஷீட் வாய்க்குள் போயிற்று. இடது கை, விழாமல் இருக்கக் கட்டிய நாற்காலிப் பட்டைக்குள் இருந்தது. ஓரங்களைப் பிடித்திருந்தவர்கள் பறைக்கு ஏற்றபடி உதறுவதில் மும்முரமாக இருந்தார்கள். நன்றாக வருகிறது என்று நினைத்தார்கள் போலும்.

எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியவில்லை. நகத்தால் கிழித்தேன். மெல்லிய ஷீட், நல்லவேளையாகக் கிழிந்தது.

"மூச்சு விடுதாரான்னு ஒருத்தனாவது பாத்தியளா?" என்று கத்தினேன். என் குரல் அந்தக் கூடத்தில் அப்படிக் கேட்கும் என்று எனக்கே தெரியாது. "பன்னெண்டு பேர் கால்ல விழுந்தியளே! மூக்கு எங்க இருக்குன்னு ஒருத்தனுக்குத் தெரியலையா?"

பறை நின்றது. இசக்கி வெளுத்துப்போய் நின்றான். அப்போது என் தோளில் ஓர் அடி விழுந்தது. இவர்தான். பட்டையிலிருந்து உருவிய இடது கையால் அடித்தார். முகம் சிவந்து, "நாளைக்கு! நாளைக்கு!" என்று கத்தினார், ஓரத்தைப் பிடித்திருந்தவர்களைப் பார்த்து, ஷீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து. ஒத்திகையை யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது. மேடையில் தீப்பிடித்தாலும் காட்சி முடிந்துதான் நிறுத்த வேண்டும் என்பது இவர் சட்டம்.

டிசம்பருக்குப் பிறகு இந்த மனிதருக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்க்கவில்லை. எனக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

அப்படியே அவரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. அங்கேயே நின்றுகொண்டு சொன்னேன். ஐம்பது மைக்ரான். அடர்த்தி குறைந்த ரகம், குழாய்போல வரும், ஒரு பக்கம் மட்டும் நெடுக அறுக்க வேண்டும். இரண்டு அகலத்தைச் சேர்க்க ஒட்டுப்பட்டை போடாதீர்கள், சத்தம் போடும்; ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலும் கீழும் செய்தித்தாள் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். மடிக்கக் கூடாது, குழாயில் சுருட்ட வேண்டும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் துளி கிளிசரின் விட்டு இரண்டு பக்கமும் துடைத்து நிழலில் காயவிட்டால் சரசரக்காது, எதிலும் ஒட்டாது. விசிறி தரையில், பக்கவாட்டில். நான்கு மூலையையும் பிடிக்கிறவர்கள் பறையைக் கேட்கக் கூடாது, மூக்கைப் பார்க்க வேண்டும்.

குறித்துக்கொள்கிற பெண் குறித்துக்கொண்டாள். இசக்கிக்கு உயிர் வந்தது.

"மைனி! இதெல்லாம் அண்ணாச்சி எப்ப சொன்னாவ ஒங்கள்ட்ட?"

"அவர் எனக்குச் சொல்லலை. நான்தான் அவருக்குச் சொன்னேன்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. இசக்கி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "சரிதான், ஒரே வீடுதான" என்றான்.

மாலை 156/98. மாத்திரை கொடுத்தேன். தோள் கன்றியிருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

140/90.

மாடியில் ஷீட் துடைத்தோம், நானும் ஜெபமணியும், ஆளுக்கு ஒரு முனையிலிருந்து. "இம்புட்டுப் பெரிய மெத்த யாருக்கு டீச்சர்?" என்றாள். காய்ந்ததும் ஒரு ஓரத்தைத் தூக்கி விட்டேன். பேசாமல் எழுந்து, பேசாமல் தாழ்ந்தது.

இடது முன்மூலையை நான்தான் பிடிப்பேன் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டேன். அதற்குச் சம்மதமென்றால் இவர் வருவார்.

செப்டம்பர் 13, சனி

காலை 144/90. மதியத்துக்குமேல் தண்ணீர் கொடுக்கவில்லை. நாற்காலி மெத்தைக்குப் புது உறை போட்டு, வெளிச்சத்தில் மினுங்காமல் இருக்க மேலே கறுப்புத் துணி விரித்தேன்.

ஐந்தரைக்குத் தொடங்கியது. அரங்கம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் விட்டார்கள், ஒருவரும் இருமவில்லை. நான் கறுப்புச் சேலையில் மூலையைப் பிடித்துக் குந்தியிருந்தேன். இருபத்துநான்கு வருடம் கழித்து மேடை. முழங்கால் வலித்தது.

ஆறு எழுந்தது. சத்தமே இல்லை. நாங்கள் நாலு பேரும் மூக்கைப் பார்த்தோம். ஒத்திகையில் பேசியபடி அவர் முகத்துக்கு ஒரு முழம் மேலே நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். இவர் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கை கீழ்நோக்கி இருந்தது. இறக்கு. நடிப்பில்லை, எத்தனையோ ஒத்திகைகளில் நான் பார்த்த கைதான். நான் இறக்கவில்லை. கண்ணை உருட்டி என் மூலையைப் பார்த்தார். மறுபடி கை. இறக்கு.

இறக்கினேன். ஒரு சாண். நாலு விரல். பிறகு முகத்தைத் தொட்டுக்கொண்டு ஷீட் ஓடியது. அவர் வாயருகே அது குழிந்து, மூச்சில் மேடாகி, மறுபடி குழிந்தது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் என் மூலையை உதறினேன். மற்ற மூவரும் உதறினார்கள். ஆறு அவரைவிட்டு எழுந்து போயிற்று. அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். முகத்தில் பயமே இல்லை, எரிச்சல்தான். இன்னும் ஒரு நொடி விட்டிருக்கலாம் என்கிற எரிச்சல்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். அழுதார்கள். இசக்கி சொன்னபடியே.

பிறகு நன்றியுரை. சால்வை, மாலை, அவர் மடியில் கேடயம். இசக்கி ஒலிபெருக்கியில் சொன்னான்: "ஆற்றங்கரையில அண்ணாச்சிக்குத் தோணுன அந்தப் படிமம் இருபத்தஞ்சு வருசமா நம்மள நனைச்சிட்டு இருக்கு." பட்டியலின் கடைசியில், ஒலி, ஒளி, வேன் எல்லாம் முடிந்து, "ஷீட் உதவி, திருமதி ஆவுடையப்பன்."

வேனில் நான் கத்தினேன். பின்னால் நாற்காலியில் அவர், பக்கத்தில் நான். வெள்ளையடித்த ஆய்வகத்திலிருந்து தொடங்கினேன். பேட்டியைச் சொன்னேன். மற்றப் பெண்களைச் சொன்னேன், பெயர் சொல்லியே சொன்னேன். மொட்டைமாடியைச் சொன்னேன். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், யார்கிட்டயாவது சொன்னீங்களா?" அவர் "நாளைக்கு" என்றார். கத்தினேன். அவரும் கத்தினார். ஒரே சொல்தான், ஆனால் அதில் எத்தனை வசவு இருந்தது என்று எனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கேடயத்தைத் தள்ளிவிட்டார்.

ஓட்டுநர் திரும்பாமல் கேட்டார். "யம்மா, வண்டிய ஓரமா நிப்பாட்டட்டா?"

"ஓட்டுங்க" என்றேன்.

வீட்டில் படுக்கவைக்கும்போது புரள மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கிடங்க என்று விட்டேன். பத்து நிமிடம். பிறகு அவரே கையை எடுத்தார். வேட்டி நனையவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

148/92. என் கையால் இட்லி வாங்க மாட்டேன் என்கிறார். ஜெபமணிக்கு இன்று விடுமுறை, அதனால் பட்டினி. எனக்கும் ஊட்ட மனமில்லை. பதினொரு மணிக்கு இரண்டு சாப்பிட்டார், என்னைப் பார்க்காமல்.

பிற்பகல் இசக்கி போன் செய்தான். நாகர்கோவிலில் கேட்கிறார்களாம், அடுத்த மாதம். அண்ணாச்சி வரவேண்டும், மூலை பிடிக்க மைனியும் வரவேண்டும்.

"வரேன். சுவரொட்டியில வெள்ளக் காட்சி யார் செஞ்சதுன்னு சரியா வரணும். என் பேரு செண்பகவல்லி. திருமதி வேண்டாம்."

"அது... அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடட்டா மைனி?"

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலருகே கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, நாந்தான் இசக்கி. சுவரொட்டியில, வெள்ளம் மைனியோடதுன்னு போடட்டா?"

இவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி?"

ஸ்பீக்கரை நிறுத்தி, போனைக் காதில் வைத்தேன்.

"போட்டுரு, இசக்கி."

"அண்ணாச்சி ஒண்ணுஞ் சொல்லலியே மைனி."

"அவர்கிட்ட கேட்டது நீ. நான் கேக்கலை."